சிசிஐஇ லேபுக்கு எதைப் படிப்பது, எதைத் தள்ளுவது: முழுமையான வழிகாட்டி

சிஸ்கோ நிறுவனம் நெட்வொர்க் பொறியாளர்களுக்குத் தரும் உயர்நிலைச் சான்றிதழான சிசிஐஇ-க்குத் தயாராகத் தொடங்கிய முதல் மூன்று மாதம் நான் படிக்கவே இல்லை. சேர்த்துக்கொண்டிருந்தேன். 2 டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி, வீடியோ வகுப்புகள், வொர்க்புக்குகள், யாரோ எப்போதோ எழுதிய நோட்ஸ் எல்லாவற்றையும் அதில் கொட்டினேன். எந்த நண்பரைப் பார்த்தாலும் "உன்கிட்ட என்ன மெட்டீரியல் இருக்கு?" என்பதுதான் முதல் கேள்வி. டிஸ்க் நிறைய நிறைய, பாதி படித்து முடித்துவிட்டது போல ஒரு நிம்மதி வேறு. ஒருநாள் நைட் ஷிஃப்டில் சீனியர் ஒருவர் கேட்டார்: "சரி தம்பி, இதுல எதையாவது ரவுட்டர்ல அடிச்சுப் பாத்தியா?" எனக்குப் பதில் வரவில்லை.

அதன் பிறகு மெட்டீரியலைத் தேர்ந்தெடுக்க ஒரே அளவுகோல்தான் வைத்துக்கொண்டேன். ஒரு மணி நேரம் அதோடு உட்கார்ந்தால் என் கை எவ்வளவு நேரம் கீபோர்டில் இருக்கிறது? வெறுமனே பார்க்க வைக்கும் மெட்டீரியல் எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் இந்தத் தேர்வுக்குப் பாதி தூரம்தான் வரும்.

இங்கே சொல்வது எல்லாம் சிசிஐஇ எண்டர்பிரைஸ் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் லேபை, அதாவது அந்தப் பிரிவின் செய்முறைத் தேர்வை, மனதில் வைத்து. செக்யூரிட்டி, டேட்டா சென்டர், சர்வீஸ் புரோவைடர் பக்கம் போகிறவர்களுக்கும் முறை இதுதான், தலைப்புகள் மாறும், அவ்வளவுதான். சிஸ்கோவின் தொடக்கநிலைச் சான்றிதழான சிசிஎன்ஏ எழுதப்போகிறவர்களுக்கு மூன்றாம் படியும் ஐந்தாம் படியும் போதும்.

முதலில், தேர்வு எப்படிப்பட்டது

லேபுக்கு முன்னால் 350-401 என்ற எழுத்துத் தேர்வு உண்டு. என்கோர் என்பார்கள், 120 நிமிடம். அதில் தேறினால்தான் லேபுக்குத் தேதி வாங்க முடியும். 1993-ல் சிசிஐஇ தொடங்கியபோது லேப் இரண்டு நாள் நடந்தது. 2001-லிருந்து ஒரே நாள், 8 மணி நேரம். அந்த 8 மணி நேரம் 2020 பிப்ரவரியிலிருந்து இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது.

முதல் 3 மணி நேரம் டிசைன். இதில் எந்தக் கருவியையும் தொட முடியாது. ஒரு கற்பனை நிறுவனத்தின் மின்னஞ்சல்கள், நெட்வொர்க் வரைபடங்கள், தேவைகள் எல்லாம் முன்னால் வரும். படித்து, எது சரியான வடிவமைப்பு என்று முடிவு செய்ய வேண்டும். ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் பின்னால் போய்த் திருத்த முடியாது. அடுத்த 5 மணி நேரம் கையால் செய்வது: கட்டமைப்பது, பழுது பார்ப்பது, மேம்படுத்துவது. இரண்டு பகுதியிலும் தனித்தனியே குறைந்தபட்ச மதிப்பெண்ணைத் தொட வேண்டும், கூட்டுத்தொகையும் தேர்ச்சி எல்லையைத் தாண்ட வேண்டும். ஒன்றில் அள்ளி இன்னொன்றில் கோட்டைவிட்டால் கதை முடிந்தது.

ஆக, உங்களுக்கு இரண்டு விதமான மெட்டீரியல் வேண்டும். இது தெரியாமல் வெறும் கான்ஃபிக் வொர்க்புக்குகளாக வாங்கிக் குவிப்பவர்கள்தான் அதிகம்.

படி 1: புளூபிரிண்டைத் துண்டு துண்டாக்குங்கள்

சிஸ்கோவின் தளத்தில் தேர்வின் புளூபிரிண்ட், அதாவது பாடத்திட்டம், இலவசமாகக் கிடைக்கிறது. அதை ஒருமுறை வாசித்து மூடிவிடுவதில் பயனில்லை. ஒவ்வொரு வரியையும் ஒரு எக்செல் தாளில் தனித்தனி வரிசையாகப் போடுங்கள். பக்கத்தில் ஒரு கட்டம். அதில் மூன்று சொல்லில் ஒன்று: ‘கை’, ‘வாய்’, ‘காது’. எந்தப் புத்தகத்தையும் பார்க்காமல் கான்ஃபிகர் செய்ய முடியும் என்றால் ‘கை’. விளக்கத் தெரியும், ஆனால் ரவுட்டர் முன்னால் உட்கார்ந்தால் தடுமாறும் என்றால் ‘வாய்’. காதில் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றால் ‘காது’.

பொய் சொல்லாமல் நிரப்பினால் பெரும்பாலோருக்கு ‘வாய்’தான் அதிகம் வரும். பல வருடம் வேலையில் இருப்பவர்களுக்குக் கூடுதலாகவே வரும். நாம் ஆபீசில் ஏற்கெனவே யாரோ கட்டிவைத்த நெட்வொர்க்கில் ஒரு வரி மாற்றிக்கொண்டிருப்பவர்கள்தானே, வெறுங்கையிலிருந்து கட்டியவர்கள் எத்தனை பேர்?

அப்புறம் எடை. நெட்வொர்க் இன்ஃப்ராஸ்ட்ரக்சர், அதாவது சுவிட்சிங்கும் ரூட்டிங்கும், 30 சதவீதம். சாஃப்ட்வேர் வழி இயங்கும் எஸ்டி-வான் (கிளைகளை இணைப்பது), எஸ்டி-ஆக்சஸ் (அலுவலக வளாகத்துக்குள் இயங்குவது) இரண்டும் சேர்ந்து 25. தூரத்துக் கிளைகளை இணைக்கும் எம்பிஎல்எஸ், டிஎம்விபிஎன் போன்ற டிரான்ஸ்போர்ட் தொழில்நுட்பங்கள் 15, செக்யூரிட்டியும் சர்வீஸ்களும் 15, ஆட்டோமேஷன் 15. நான் பார்த்தவரை பலரின் சேகரிப்பில் பத்தில் எட்டுப் பங்கு ரூட்டிங், சுவிட்சிங்தான் இருக்கும். எஸ்டி-வானும் எஸ்டி-ஆக்சஸும் ஆட்டோமேஷனும் சேர்த்தால் 40 சதவீதம் வருகிறதே, அதற்கு ஒரு வீடியோ பிளேலிஸ்ட் மட்டும் வைத்திருப்பார்கள். உங்கள் சேகரிப்பை இந்த எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 2: பழைய சரக்கைக் கண்டுபிடியுங்கள்

நான் முதலில் காசு கொடுத்து வாங்கிய வொர்க்புக் "லேட்டஸ்ட்" என்ற பெயரில் வந்தது. நாற்பதாவது பக்கத்தில் ஃபிரேம் ரிலே என்ற பழைய இணைப்புத் தொழில்நுட்பம். அங்கேயே தெரிந்துவிட்டது, அது 2014-க்கு முந்தையது என்று. விற்றவர் அட்டையை மட்டும் மாற்றியிருந்தார். பணம் போனது போனதுதான்.

அட்டையை நம்பாமல் உள்ளே இருக்கும் தடயங்களைப் பாருங்கள். ஃபிரேம் ரிலே இருந்தால் 2014 ஜூனில் வந்த ரூட்டிங் அண்ட் சுவிட்சிங் ஐந்தாம் பதிப்புக்கும் முந்தைய மெட்டீரியல். தேர்வை ‘டிரபிள்ஷூட்டிங் 2 மணி, டயக்னாஸ்டிக் 30 நிமிடம், கான்ஃபிகரேஷன் ஐந்தரை மணி’ என்று பிரித்துப் பேசினால் 2014-க்கும் 2020-க்கும் இடைப்பட்டது. டிசைன் 3 மணி, கை வேலை 5 மணி என்று பேசினால் மட்டுமே இப்போதைய வடிவம். அதிலும் 1.0 பதிப்புக்குப் பிறகு 1.1 வந்திருக்கிறது, புளூபிரிண்டோடு வெளியிடப்படும் கருவி, மென்பொருள் பட்டியலை எடுத்துவைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பெயர் பழையது என்பதற்காக மட்டும் எதையும் தூக்கிப் போட வேண்டாம். சிஸ்கோவுக்குப் பெயர் மாற்றுவதில் அலாதி ஆசை. எஸ்டி-ஆக்சஸை நிர்வகிக்கும் டிஎன்ஏ சென்டர் 2023-ல் கேட்டலிஸ்ட் சென்டர் ஆனது. அதே வருடம் எஸ்டி-வானின் பாகங்களில் விமேனேஜ், எஸ்டி-வான் மேனேஜர் ஆனது. விஸ்மார்ட் கன்ட்ரோலர் ஆனது. விபாண்ட் வேலிடேட்டர் ஆனது. பழைய பெயரில் இருக்கும் விளக்கம் தவறாகிவிடாது. திரையில் பட்டன்கள் இடம் மாறியிருக்கும், அது வேறு பிரச்சினை; அதற்காக எஸ்டி-வான் பகுதிக்கு மட்டும் புதிய மெட்டீரியல் தேடுவது நல்லது.

ரூட்டிங் நெறிமுறைகளான ஓஎஸ்பிஎஃப், பிஜிபி கதை நேர்மாறு. ஓஎஸ்பிஎஃப் இரண்டாம் பதிப்பை வரையறுக்கும் ஆவணமான ஆர்எஃப்சி 2328 வந்தது 1998-ல். பிஜிபி-யின் ஆர்எஃப்சி 4271 வந்தது 2006-ல். இவற்றைப் பற்றி நன்றாக எழுதப்பட்ட பதினைந்து வருடப் பழைய விளக்கம், போன மாதம் வந்த அரைகுறை வீடியோவைவிட மேல்.

படி 3: இரண்டு தலைப்புச் சோதனை

எந்த மெட்டீரியலுக்கும் காசோ காலமோ கொடுப்பதற்கு முன் அதை இரண்டு தலைப்பில் சோதியுங்கள். ஒன்று உங்களுக்கு நன்றாகத் தெரிந்த தலைப்பு. இன்னொன்று சுத்தமாகத் தெரியாதது. தெரிந்ததை வைத்து எழுதியவருக்கு விஷயம் தெரியுமா என்று பார்க்கலாம். தெரியாததை வைத்து அவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியுமா என்று பார்க்கலாம். இரண்டும் ஒன்றில்லை. மாதிரிப் பகுதி கொடுக்காமல் விற்கும் மெட்டீரியலை இந்தச் சோதனைக்கு உட்படுத்த முடியாது. நான் அவற்றை வாங்குவதில்லை.

தெரிந்த தலைப்புக்கு ஓஎஸ்பிஎஃப்-ஐ வைத்துக்கொள்வோம். இரண்டு ரவுட்டர்களுக்கு இடையே எம்டியூ, அதாவது ஒரே தடவையில் அனுப்பக்கூடிய பேக்கெட்டின் அதிகபட்ச அளவு, வேறுபட்டால் என்ன ஆகும்? "நெய்பராக வராது" என்று ஒரே வரியில் முடித்திருந்தால் எழுதியவர் லேப் செய்து பார்க்கவில்லை என்று அர்த்தம். ஹலோ பேக்கெட்டில் எம்டியூ கிடையாது. அதனால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும், டூ-வே நிலை வரை ஒழுங்காகப் போகும். அதற்கடுத்த டேட்டாபேஸ் டிஸ்கிரிப்ஷன் பேக்கெட்டில்தான் எம்டியூ இருக்கிறது. சிறிய எம்டியூ வைத்திருக்கும் ரவுட்டர் அந்தப் பேக்கெட்டைத் தள்ளிவிடும். எக்ஸ்ஸ்டார்ட், எக்ஸ்சேஞ்ச் நிலையிலேயே மாட்டிக்கொண்டு நிற்கும். நல்ல மெட்டீரியல் அந்த நிலையை ‘ஷோ’ கமாண்டின் வெளியீட்டோடு காட்டும்.

இன்னொரு கேள்வி, இது கொஞ்சம் கள்ளத்தனமானது. நெய்பர் ஃபுல் நிலைக்கு வந்துவிட்டது, ஆனாலும் ரூட்டிங் டேபிளில் எதிர்ப்பக்கத்து ரூட் ஒன்றுகூட இல்லை. எப்படி? ஒரு முனையில் நெட்வொர்க் டைப் பிராட்காஸ்ட், மறுமுனையில் பாயின்ட்-டு-பாயின்ட் என்று இருந்தால் இது நடக்கும். இரண்டுக்கும் ஹலோ டைமர் 10 வினாடி, டெட் டைமர் 40 வினாடி என்பதால் நட்பு தடையில்லாமல் உருவாகிவிடும். ஆனால் ஒருவர் அந்த இணைப்பைப் பலர் கூடும் சந்தி என்று அறிவிப்பார், மற்றவர் நேர்க்கோடு என்று அறிவிப்பார். வரைபடம் பொருந்தாததால் கணக்கு அந்த இடத்தில் அறுந்துபோகும். இந்த ஒன்றைத் தொட்டிருக்கும் மெட்டீரியல் எதைப் பார்த்தாலும் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன். எழுதியவர் உடைத்துப் பார்த்துப் படித்தவர் என்று தெரியும்.

தெரியாத தலைப்புக்கு டிஎம்விபிஎன் மூன்றாம் கட்டம் நல்ல தேர்வு. சுமாரான வொர்க்புக் ஒன்று, ஹப்பில் (மைய ரவுட்டர்) இந்த வரியை அடி, ஸ்போக்கில் (கிளை ரவுட்டர்) அந்த வரியை அடி, முடிந்தது என்று போய்விடும். நீங்களும் அடிப்பீர்கள், வேலையும் செய்யும், ஒன்றும் புரியாது. நல்ல வொர்க்புக் முதலில் அந்த இரண்டு வரி இல்லாமலே நெட்வொர்க்கை எழுப்பச் சொல்லும். ஒரு ஸ்போக்கிலிருந்து இன்னொரு ஸ்போக்குக்கு டிரேஸ்ரூட் போடச் சொல்லும். எத்தனை முறை போட்டாலும் ஹப் வழியாகவே போகும். பிறகு ஹப்பில் ரீடைரக்ட், ஸ்போக்குகளில் ஷார்ட்கட் கமாண்டைச் சேர்த்துவிட்டு மறுபடி இரண்டு முறை போடச் சொல்லும். முதல் முறை ஹப் வழியாகப் போகும், இரண்டாம் முறை நேராகப் போகும். அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்று கேட்கும். ரூட்டிங் டேபிளில் புதிதாக முளைத்திருக்கும் சதவீதக் குறியையோ ‘எச்’ என்ற எழுத்தையோ கவனித்தாயா என்று கேட்கும். ஏற்கெனவே இருந்த ரூட்டின் அடுத்த ஹாப் மட்டும் மாற்றப்பட்டிருந்தால் சதவீதக் குறி, ஹப் சுருக்கமான ரூட் மட்டும் கொடுத்திருந்ததால் புதிய ரூட்டே நுழைந்திருந்தால் ‘எச்’. இப்படிக் கேட்கிற மெட்டீரியல் கிடைத்தால் விடாதீர்கள்.

இரண்டு மாலை போதும் இந்தச் சோதனைக்கு. நான் இப்படி ஐந்து மெட்டீரியலைச் சோதித்து மூன்றைக் கழித்தேன்.

படி 4: ஆளுக்கொரு வேலை

மிச்சம் இருப்பவற்றுக்கு வேலையைப் பிரித்துக் கொடுங்கள். விளக்கத்துக்கு ஒன்று, பயிற்சிக்கு ஒன்று, சந்தேகம் தீர்க்க ஒன்று. விளக்கத்துக்கு வீடியோ வகுப்போ புத்தகமோ, உங்களுக்கு எது ஒத்துவருகிறதோ அது. பயிற்சிக்கு வொர்க்புக். இரண்டும் முரண்பட்டால் தீர்ப்புச் சொல்ல சிஸ்கோவின் கான்ஃபிகரேஷன் கையேடும் ஆர்எஃப்சி-யும். ஒரே வேலைக்கு இரண்டு பேரை வைத்துக்கொண்டால் பாதி நேரம் இவர் சொன்னதை அவர் எப்படிச் சொல்லியிருக்கிறார் என்று பார்ப்பதிலேயே போய்விடும்.

வீடியோவைப் பற்றி ஒரு வார்த்தை. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டே சமைப்பது, மெட்ரோவில் போவது எல்லாம் எழுத்துத் தேர்வுக்குச் சரி. லேபுக்கு வீடியோ என்றால் பக்கத்து ஜன்னலில் டோபாலஜி (பயிற்சிக்கான நெட்வொர்க் அமைப்பு) திறந்திருக்க வேண்டும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி அடித்துப் பார்க்க வேண்டும். 40 நிமிட வீடியோவுக்கு 2 மணி நேரம் ஆகிறதா? அது சரியான வேகம்தான்.

வொர்க்புக் வாங்கும்போது விடைகள் கேள்விக்கு அடியிலேயே இருக்கிறதா, தனிப் பகுதியில் இருக்கிறதா என்று பாருங்கள். அடியிலேயே இருந்தால் கண் தானாகப் போய்விடும், நம் கண் அப்படி. விடையில் வெறும் கான்ஃபிக் மட்டும் இருக்கிறதா, சரிபார்க்கும் கமாண்டுகளும் அவற்றின் வெளியீடும் இருக்கிறதா என்பது அதைவிட முக்கியம். தேர்வில் உங்கள் வேலை சரியாக ஓடுகிறதா என்று உங்களுக்கு நீங்களே நிரூபித்துக்கொண்டுதான் அடுத்த கேள்விக்குப் போக முடியும். அந்தப் பழக்கத்தை வொர்க்புக்தான் ஏற்றிவிட வேண்டும்.

படி 5: எதில் அடித்துப் பழகுவது

இதுவும் மெட்டீரியல்தான், பலர் இதைத் தனிச் செலவாக நினைத்துத் தள்ளிப்போடுகிறார்கள்.

பேக்கெட் டிரேசர் சிசிஎன்ஏ-வுக்கு அருமை, இலவசம். ஆனால் அது உண்மையான ஐஓஎஸ் (சிஸ்கோ ரவுட்டர்களின் இயங்குதளம்) இல்லை, அதைப் போல நடிக்கும் மென்பொருள். கமாண்டுகளில் ஒரு பகுதிதான் இருக்கும். சிசிஐஇ-க்கு அதை மறந்துவிடுங்கள்.

ஜிஎன்எஸ்3, ஈவ்-என்ஜி இரண்டிலும் உண்மையான ஐஓஎஸ் ஓடும். ஜிஎன்எஸ்3 இலவசம். ஈவ்-என்ஜி-க்கு இலவசமான கம்யூனிட்டி பதிப்பும் காசு கொடுக்கும் பதிப்பும் உண்டு. சிக்கல் எங்கே என்றால், இவை மேடையை மட்டும்தான் தரும். ரவுட்டர் இமேஜை, அதாவது அதன் மென்பொருள் கோப்பை, உரிமத்தோடு நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். இங்கேதான் பலர் எங்கெங்கோ கிடைப்பதை இறக்கிப் போட்டுக்கொள்கிறார்கள். அது சட்டப்படி தவறு என்பது ஒருபக்கம், பாதி இமேஜ்கள் விநோதமாக நடந்துகொண்டு உங்களையே சந்தேகப்பட வைக்கும் என்பது இன்னொருபக்கம். ஒரு இமேஜின் கோளாறை என் கான்ஃபிக் தவறு என்று நினைத்து இரண்டு இரவு தூக்கத்தை விட்டிருக்கிறேன்.

சிஸ்கோ மாடலிங் லேப்ஸ், சுருக்கமாக சிஎம்எல், இமேஜ்களோடு சேர்த்தே வருகிறது. 5 நோடுகள் (ரவுட்டர், சுவிட்ச் போன்றவை) வரை ஓடும் இலவசப் பதிப்பு இப்போது இருக்கிறது. ஓஎஸ்பிஎஃப், பிஜிபி-யில் ஒவ்வொரு அம்சத்தையும் தனித்தனியே பழக 5 நோடு போதும். பர்சனல் பதிப்பில் 20 நோடு, வருடத்துக்கு 199 டாலர். ஒருவர் அவ்வளவு கொடுக்க வேண்டுமா என்று கேட்டால், லேப் கட்டணமே ஆயிரம் டாலருக்கு மேல் போகும் இடத்தில் இதில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம் என்பேன். ஆனால் முதல் நாளே வாங்காதீர்கள். 5 நோடு போதவில்லை என்ற நிலை வரும்வரை காத்திருங்கள், அது எப்படியும் சில மாதம் ஆகும்.

கணினியின் நினைவகத்தைக் கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள். பழைய ஐஓஎஸ்வி ரவுட்டர் 512 எம்பி எடுத்துக்கொள்ளும், அதன் லேயர் 2 சுவிட்ச் 768 எம்பி. 10 ரவுட்டர், 4 சுவிட்ச் என்றால் மொத்தம் 8 ஜிபி, சாதாரண லேப்டாப்பிலேயே ஓடிவிடும். அதுவே கேட்டலிஸ்ட் 8000வி என்றால் ஒன்றுக்குக் குறைந்தது 4 ஜிபி. எட்டு வைத்தால் 32 ஜிபி காலி. எஸ்டி-வான் மேனேஜர் தனியாகவே 16 ஜிபி கேட்கும். ஆகவே ரூட்டிங் பயிற்சியை லேசான இமேஜில் செய்யுங்கள், கனமானவற்றை அந்தந்தத் தலைப்புக்கு மட்டும் எழுப்புங்கள். சென்னைக்காரர்கள் சிலர் ரிச்சி தெருவில் பழைய ரவுட்டர், சுவிட்ச் வாங்கி ரேக் கட்டலாமா என்று கேட்கிறார்கள். கேபிள் கிரிம்ப் செய்து, கன்சோல் போட்டுப் பழக ஆசையாக இருந்தால் ஒரு சுவிட்ச் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தத் தேர்வுக்காக ஒரு ரேக் முழுக்க வாங்கினால் கரண்ட் பில்லும் மனைவியின் முறைப்பும்தான் மிச்சம்.

எஸ்டி-ஆக்சஸ் வீட்டில் கட்டுவதற்குக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அதற்கு சிஸ்கோ டெவ்நெட்டின் சாண்ட்பாக்ஸ்களைப் பாருங்கள். சில எப்போதும் திறந்திருக்கும், சிலவற்றை நேரம் குறித்துப் பதிவு செய்ய வேண்டும். இலவசம்.

ஆட்டோமேஷனுக்கு அறுபது மணி நேரப் பைத்தான் கோர்ஸ் எடுக்காதீர்கள். லூப், டிக்ஷனரி, ஜேசன் வடிவத் தரவை வாசிப்பது, நெட்கான்ஃப், ரெஸ்ட்கான்ஃப் என்ற நெறிமுறைகள் வழியாக ஒரு ரவுட்டரிடம் தகவலைக் கேட்டு வாங்குவது, அந்தத் தகவலின் அமைப்பைச் சொல்லும் யாங் மாதிரியைப் படித்துப் புரிந்துகொள்வது. இவ்வளவையும் ரவுட்டரை வைத்தே சொல்லித்தரும் மெட்டீரியல் எதுவோ அது. வங்கிக் கணக்கு கிளாஸ் எழுதச் சொல்லும் கோர்ஸ் வேறு யாருக்கோ.

படி 6: கையேட்டை இப்போதே பழகுங்கள்

கை வேலைப் பகுதியில் சிஸ்கோவின் ஆவணங்களைப் பார்க்க அனுமதி உண்டு. ஆனால் கூகுள் கிடையாது. எந்தத் தலைப்பு எந்தக் கையேட்டில், எத்தனையாவது கிளிக்கில் இருக்கிறது என்பது விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதற்குக் காசு கொடுத்து வாங்க எதுவும் இல்லை, அதனாலேயே யாரும் மதிப்பதில்லை.

தினசரி அடிக்காத அம்சங்களாக இருபது எடுங்கள். மல்டிகாஸ்டில் ஒன்று, க்யூஓஎஸ்-ஸில் ஒன்று, முகவரி மாற்றும் என்ஏடி-யில் (NAT) ஏதோ ஒரு விசித்திரமான வகை, இப்படி. முகப்புப் பக்கத்திலிருந்து தேடுபெட்டியைத் தொடாமல் கிளிக் செய்தே அந்தப் பக்கத்தை அடைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். எனக்கு முதல் வாரம் ஒவ்வொன்றுக்கும் ஆறேழு நிமிடம் ஆனது. கடைசியில் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிட்டது. வொர்க்புக் தேர்ந்தெடுக்கும்போதும், ஒவ்வொரு விடையின் கீழும் தொடர்புடைய கையேட்டின் இடத்தைக் குறிப்பிடுகிறதா என்று பாருங்கள். அப்படி இருப்பவை குறைவு, கிடைத்தால் அதற்குக் கூடுதல் மதிப்பெண்.

படி 7: டிசைனுக்குத் தனி வாசிப்பு

தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்களுக்கு இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், நானும் அப்படி வந்தவன்தான். டிசைன் பகுதி 3 மணி நேரமும் ஆங்கில வாசிப்பு. மின்னஞ்சல்களின் நடுவே "அடுத்த வருடம் இரண்டு கிளைகள் கூடும்" என்று ஒரு வரி போகிற போக்கில் வரும். அதைத் தவறவிட்டால் விடையே மாறிவிடும். தொழில்நுட்பம் தெரிந்தும் வாசிப்பில் தவறியவர்களை எனக்குத் தெரியும்.

சிஸ்கோ வேலிடேட்டட் டிசைன் என்ற பெயரில் நீளமான வடிவமைப்பு ஆவணங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. வாரத்துக்கு ஒன்று எடுங்கள். படிக்கும்போது ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் "ஏன் இது, ஏன் மற்றது இல்லை?" என்று ஒரு வரி எழுதுங்கள். ஏன் இங்கே ஐபிஜிபி-யில் எல்லா ரவுட்டரையும் ஒன்றோடொன்று இணைக்கும் ஃபுல் மெஷ் இல்லாமல், நடுவே ரூட் ரிஃப்ளெக்டர் வைத்தார்கள்? ஏன் இந்தக் கிளைக்கு இரண்டு ரவுட்டர், அந்தக் கிளைக்கு ஒன்று? எழுத எழுத, தேர்வு கேட்கும் தொனி பழகிவிடும். ஆபீசில் மாற்றக் கோரிக்கை ஆவணங்கள் எழுதும் வேலை வந்தால் ஓடி ஒளியாமல் வாங்கிக்கொள்ளுங்கள், சம்பளத்தோடு கூடிய பயிற்சி அது.

படி 8: வகுப்பும் மாக் லேபும்

பயிற்சி நிறுவனத்தில் சேர வேண்டுமா? தனியாக உட்கார்ந்து படிக்க முடிகிறவர்களுக்குத் தேவையில்லை. சேருவதாக இருந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். லேப் எத்தனை மணி நேரம் எனக்கு மட்டும் கிடைக்கும்? பாடம் எடுப்பவர் இந்த வடிவத்தில், அதாவது 2020-க்குப் பிறகு, லேப் எழுதித் தேறியவரா? டிசைன் பகுதிக்கு எத்தனை வகுப்பு? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் வராத இடத்திலிருந்து நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடலாம்.

மாக் லேப் என்பது வேறு. முழு 8 மணி நேரம், இடையில் யாரும் உதவாமல், முடிவில் மதிப்பெண்ணோடு திருத்தித் தருவது. இரண்டு மூன்று எழுதிப் பார்ப்பது நல்லது, ஆனால் முதலாவதை உங்கள் தாளில் ‘கை’ என்ற கட்டங்கள் முக்கால்வாசி நிறைந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் எழுதினால் மனம் உடைவதற்கு மட்டும் பயன்படும்.

டம்ப் பற்றி

கேட்காமல் விடமாட்டீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். உண்மையான தேர்வுக் கேள்விகள் என்று விற்கப்படும் டம்ப்கள் சிஸ்கோவின் தேர்வு ஒப்பந்தத்துக்கு எதிரானவை. பிடிபட்டால் சான்றிதழ் பறிபோகும், மறுபடி எழுதவும் தடை வரும். அது தெரிந்தும் வாங்குபவர்களிடம் நான் நீதி பேசப்போவதில்லை, இண்டர்வியூ அறையில் நடப்பதை மட்டும் சொல்கிறேன். சிசிஐஇ எண்ணோடு வருபவரிடம் வெள்ளைப் பலகையில் இரண்டு ரவுட்டர் வரைந்து, மேலே சொன்னேனே, நெய்பர் ஃபுல், ஆனால் ரூட் இல்லை, அதைத்தான் நான் கேட்பேன். மனப்பாடம் செய்து வந்தவர் யார் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எப்போது வாங்குவதை நிறுத்துவது

லேப் தேதி உறுதியான நாளிலிருந்து புதிய மெட்டீரியல் எதையும் திறக்காதீர்கள். குழுவில் யாராவது "சூப்பர் நோட்ஸ்" என்று அனுப்புவார்கள், கை அரிக்கும். அதற்குப் பதிலாக ‘வாய்’ என்று இன்னும் எஞ்சியிருக்கும் கட்டங்களை எடுத்து, ஏற்கெனவே முடித்த வொர்க்புக் பயிற்சிகளை வெற்று டோபாலஜியிலிருந்து, கடிகாரம் வைத்துக்கொண்டு மறுபடி செய்யுங்கள். ஒரே பயிற்சியை நான்காவது முறை செய்யும்போது சலிப்பாக இருக்கும். முதல் முறை 50 நிமிடம் எடுத்தது 12 நிமிடத்தில் முடிந்தால் அந்தக் கட்டத்தில் ‘கை’ என்று மாற்றி எழுதுங்கள்.

இரண்டாவது முறை லேபுக்காக பெங்களூருக்கு இரவு பஸ் ஏறியபோது என் பையில் இருந்தவை இரண்டே காகிதம். ஒன்று அந்த எக்செல் தாளின் பிரிண்ட், மூன்று கட்டங்களில் மட்டும் ‘வாய்’ மிச்சமிருந்தது. மற்றது, கையேடுகளின் கிளிக் பாதைகளை நானே எழுதிவைத்த தாள். தேர்வு அறைக்குள் இரண்டையும் கொண்டுபோக முடியாது என்று தெரியும், கிருஷ்ணகிரி தாண்டும்வரை பார்த்துவிட்டு மடித்து வைத்துத் தூங்கிவிட்டேன்.